உங்கள் காரின் சீட் பெல்ட்டை ஒருமுறையாவது முழுசாக இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

புது கார் எடுத்த கையோடு சீட் கவர் போடுவது நம் ஊர் வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பின்சீட்டைப் பார்த்தால் பல நேரம் பெல்ட்டைச் சொருகும் பக்கிளே கண்ணில் படாது. கவர் மாட்டியவர் இழுத்துக் கட்டும்போது மூன்று பக்கிள்களையும் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருப்பார். உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினால், "பின்னாடி யாருங்க பெல்ட் போடுறாங்க?" என்பதுதான் பதில்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த, நல்ல கட்டமைப்புள்ள கார். முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் போய்விட்டார்கள். அதனால் முதல் வேலையாக, இன்றைக்கே உங்கள் பின்சீட்டின் இடுக்கில் கைவிட்டுப் பக்கிள்களை மேலே எடுத்து வையுங்கள். கவரில் அதற்கு ஓட்டை இல்லையென்றால் கடைக்காரரிடமே போய் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

தானாகத் தேய்ந்து கெட்ட பெல்ட்டுகளை நான் குறைவாகத்தான் பார்க்கிறேன். நாமே கெடுத்து வைத்தவைதான் அதிகம்.

பெல்ட்டைக் கடைசி வரை மெதுவாக இழுங்கள். தினமும் நாம் பார்ப்பது மேலே உள்ள பாதியைத்தான். மீதி ரீலுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். இரண்டு ஓரங்களையும் விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். பிசிறு, வெட்டு, சிகரெட் சுட்ட ஓட்டை, வெளுத்து விறைத்த இடம், இதில் எது இருந்தாலும் பெல்ட்டை மாற்ற வேண்டியதுதான். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளில் எலி ஒயரைக் கடிப்பது எல்லோருக்கும் தெரியும். பெல்ட்டையும் கடிக்கும். ஒரு வாடகை வண்டியில் டிரைவர் பக்கப் பெல்ட்டின் ஓரத்தில் எலி கடித்திருந்த இடத்தைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, நைலான் நூலால் நெருக்கமாகத் தைத்து வைத்திருந்தார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுபோனால், 70 கிலோ ஆளின் உடம்பு அந்த நாடாவின் மேல் ஏறக்குறைய ஒரு டன் பாரத்தை ஏற்றும். இழை அறுந்த இடத்தில், அதுவும் ஊசி குத்திய இடத்தில், அந்தப் பாரம் நிற்காது. பெல்ட்டைத் தைக்கக் கூடாது, ஒட்டக் கூடாது, நிறம் மங்கிவிட்டதென்று சாயம் ஏற்றவும் கூடாது.

எங்களிடம் வரும் புகார்களில் அதிகம் கேட்பது, "பெல்ட் உள்ளே போக மாட்டேங்குது, தொங்குது" என்பது. ரீல் ஸ்பிரிங் போய்விட்டதென்று புது பெல்ட்டுக்கே தயாராக வருவார்கள். பெரும்பாலும் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும். தோளுக்கு மேலே, கதவை ஒட்டிய தூணில் (பில்லரில்) பெல்ட் நுழைந்து திரும்பும் வளையம் ஒன்று இருக்கிறது அல்லவா, அதை வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்து வியர்வை, தலைக்கு வைக்கும் எண்ணெய், ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்து உள்விளிம்பில் கறுப்பு மெழுகு மாதிரிப் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினாலே வரும். பெல்ட்டை வெளியே இழுத்து ஒரு கிளிப்பால் பிடித்து வைத்துவிட்டு, ஈரத் துணியில் கொஞ்சம் லேசான சோப்புத் தொட்டு வளையத்தைத் துடைத்தால் போதும். நாடாவையும் அதே சோப்புத் தண்ணீரால் துடைத்து, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். ஈரத்தோடு சுருண்டால் பூஞ்சை பிடிக்கும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் கலந்த திரவம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது; பாலியஸ்டர் இழையின் பலத்தை அவை தின்றுவிடும், வெளியே தெரியாது.

அப்புறம் லாக். பெல்ட்டைப் பிடித்துச் சட்டென்று ஒரு இழுப்பு இழுத்தால் அங்கேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் இதைச் செய்யுங்கள். ரீலுக்குள் இரண்டு ஏற்பாடுகள் உண்டு: ஒன்று நாடா வேகமாக உருவப்பட்டால் பிடிக்கும், இன்னொன்று வண்டி திடீரென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ பிடிக்கும். அதனால்தான் ஒரு பக்கச் சக்கரத்தைப் பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்தினால் பெல்ட் வராமல் அடம்பிடிக்கிறது. அது பழுதில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள், வந்துவிடும். ஆனால் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் பிடிக்காமல் வந்துகொண்டே இருக்கிற பெல்ட்டோடு ரோட்டில் போகாதீர்கள்.

பக்கிளில் பெல்ட்டின் உலோக நாக்கைச் சொருகினால் தெளிவாக ஒரு 'கிளிக்' கேட்க வேண்டும். இழுத்தால் வரக்கூடாது, பட்டனை அழுத்தியதும் துள்ளி வெளியே வர வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டு வண்டிகளில் பிஸ்கட் தூளும் ஒரு ரூபாய்க் காசும் உள்ளே இருக்கும். வேக்கூம் வைத்து உறிஞ்சுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசியை அது இன்னும் இழுக்கும். அலாரம் கத்தாமல் இருக்கப் பக்கிளில் சொருகி வைக்கும் வெறும் கிளிப் விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களிலிருந்து இதை நீக்க உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. பெல்ட் போட்ட உடம்புக்கு என்று கணக்குப் போட்டுத்தான் ஏர்பேக்கை அமைத்திருக்கிறார்கள். பெல்ட் இல்லாமல் முன்னே பாய்கிற முகத்தை, விரிந்துகொண்டிருக்கும் ஏர்பேக்கே காயப்படுத்தும்.

விபத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போதைய கார்களில் முன்சீட் பெல்ட்டோடு பிரீடென்ஷனர் இருக்கும். மோதிய கணத்தில் உள்ளே சின்ன வெடிமருந்து ஒன்று வெடித்து, தளர்ந்திருக்கும் பெல்ட்டைச் சுண்டி இறுக்கும். ஒரு தடவை வெடித்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடிந்து வண்டி பளபளவென்று வரும். செலவைக் குறைக்க பெல்ட்டை மட்டும் அப்படியே விட்டு, ஒயரில் ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை) போட்டு டேஷ்போர்டில் எரியும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கை அணைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சாவி திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும் சந்தேகப்படுங்கள். விளக்கை மட்டும் நம்பாமல் பில்லில் பெல்ட் மாற்றியதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், கழற்றிய பழைய பெல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். முன்சீட்டுக்கு அடியில் தெரியும் மஞ்சள் நிற கனெக்டர்களும் இந்த அமைப்பைச் சேர்ந்தவைதான். சீட் கவர் கடையில் சீட்டைக் கழற்றும்போது அவற்றைப் பிடுங்க விடாதீர்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் பெல்ட் ஒரு சாட்சி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட், மேட் எல்லாவற்றையும் மாற்றி விற்பவர்கள்கூட பெல்ட்டின் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள். கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடோ, மக்கிய வாடையோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். சேறு புகுந்த ரீலை நம்பவும் முடியாது.

குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு போவதைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். மேலே சொன்ன அதே வேகத்தில் 10 கிலோ குழந்தை உங்கள் கையை 140 கிலோ பாரத்தோடு இழுக்கும். எந்தத் தாயாலும் பிடித்து வைக்க முடியாது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. குழந்தை இருக்கை வைத்திருப்பவர்கள், தோள்பட்டை நாடாவை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள முடிந்தால் அது தளர்வு, இன்னும் இறுக்குங்கள்.

மாற்ற வேண்டி வந்தால் சேஸிஸ் நம்பர் கொடுத்துப் புதிதாகவே வாங்குங்கள். பழைய சாமான் மார்க்கெட்டில் கிடைப்பது எந்த விபத்தில் இழுபட்டது என்று யாருக்கும் தெரியாது. இடது பக்க ரீல் வலது பக்கத்துக்கு ஆகாது. மாட்டும்போது கம்பெனி போல்ட்டையே போட வேண்டும்; கடினமாக்கிய அந்த இரும்புக்குப் பதில் கையில் கிடைத்த சாதா போல்ட்டை முடுக்கி விட்டால் பெல்ட் தாங்கும், போல்ட் அறுந்துவிடும். அடுத்த சர்வீஸுக்கு விடும்போது, ஏ.சி., பிரேக் என்று எழுதும் அதே ஜாப் கார்டில் "எல்லா சீட் பெல்ட்டும் செக்" என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக் கால் மணி நேர வேலைதான்.