வெல்டோலெட்: தமிழில் ஒட்டுக் கிளைவாய்

ஏற்கெனவே வெல்டிங் அடித்துப் பூட்டியிருக்கிற ஆலைக் குழாயில் புதுசாக ஒரு கிளை எடுக்க வேண்டும் என்று கொழும்பில் ஒரு வெல்டிங் பாஸிடம் சொன்னால், "டீ போடுவமா, வெல்டோலெட் வைப்பமா" என்றுதான் பேச்சு தொடங்கும். டீ என்பது மூன்று வாயுள்ள இணைப்புத் துண்டு, T என்ற ஆங்கில எழுத்தின் வடிவத்தால் வந்த பெயர், அதில் குழப்பமில்லை. குழாயில் போட்ட ஓட்டையின் மேல் வைத்து ஒட்டுகிற கிளைத் துண்டான வெல்டோலெட்தான் விளக்க வேண்டிய சொல்.

இது பொனி ஃபோர்ஜ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர். இப்போது யார் செய்த துண்டையும் அப்படியே கூப்பிடுகிறோம். வெல்ட் என்பதோடு, வெளிவாய் என்று பொருள்படும் அவுட்லெட்டின் வாலை ஒட்டியிருக்கிறார்கள். புக்லெட்டில் வருகிற "சின்னது" என்ற லெட் இல்லை இது. சொக்கோலெட், திரெடோலெட், எல்போலெட் எல்லாம் இதே குடும்பம். வெல்ட் என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் கொதித்தலைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். இங்கே தொழிற்பயிற்சி வகுப்புகளில் "காய்ச்சி இணைத்தல்" என்பது அதற்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது பாருங்கள்.

சரி, இந்தத் துண்டு என்ன செய்கிறது? ஹெடர் என்கிற தாய்க்குழாயில் ஓட்டை போட்டதும், உள்ளழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்பில் ஒரு பகுதி போய்விடுகிறது. வெறும் குழாய்த் துண்டை அதில் ஒட்டினால் அந்த இழப்பு அப்படியே இருக்கும், அதைச் சுற்றி வலுத்தகடு வைத்து ஈடுகட்ட வேண்டி வரலாம். வெல்டோலெட்டில் அந்த ஈடு அடிப்பக்கத் தடிப்பிலேயே இருக்கிறது. டீ போடுவதென்றால் தாய்க்குழாயையே அறுத்து மூன்று இடத்தில் ஒட்ட வேண்டும், இதற்கு இரண்டு போதும். ஆனாலும் கிளை தாய்க்குழாய் அளவுக்கே பெரிதென்றால் நான் டீயைத்தான் சொல்வேன்.

அதனால் தமிழில் ஒட்டுக் கிளைவாய் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒட்டு என்றதும் ஒட்டுமாங்கன்று நினைவுக்கு வரும், வெட்டின இடத்திலேயே சேர்ந்து தாங்குகிற கிளை. வாய் என்பது மதகுவாய், வாய்க்கால் என்று நீர் போகும் வழிக்கு நாம் வைத்திருக்கிற பழைய சொல். "பற்றவைப்பு வெளியேற்றி" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பட்டறையில் ஒருவர் வாயிலும் நுழையாது.

பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் கேட்கும்போது கிளையின் அளவு மட்டும் சொன்னால் போதாது. அடிப்பக்கம் தாய்க்குழாயின் வளைவுக்கு ஏற்பக் குடைந்திருப்பதால் "8 அங்குலக் குழாயில் 2 அங்குலக் கிளைவாய்" என்று இரண்டையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் துண்டு சரியாகக் குந்தாது. அப்புறம், குழாயை வெறுமையாக்கி, உள்ளே வாயு இல்லை என்று சோதித்த பிறகுதான் அறுக்க வேண்டும். ஒட்டும்போது துண்டின் அடிவிளிம்பில் சீவியிருக்கிற சரிவு முழுக்க நிரம்பும்வரை உலோகம் போட வேண்டும். அதைப் பாதியில் நிறுத்தினால் துண்டில் தடிப்பு இருந்தும் குழாய்க்கு அந்த வலு போய்ச் சேராது.