இரண்டாம் பாகம் பார்த்துவிட்டுக் காது இரைகிறது என்று வருகிறவர்களுக்கு

இந்த வாரத்தில் இவர் நான்காவது ஆள். பெரிய பட்ஜெட் ஆக்‌ஷன் படத்தின் இரண்டாம் பாகம், முதல் நாள் காட்சி, ஸ்பீக்கருக்குப் பக்கத்து இருக்கை. வெளியே வந்ததிலிருந்து காதில் 'கீ' என்று ஓயாத சத்தம். "படம் ஏமாத்திடுச்சு டாக்டர், ஆனா சவுண்ட் செம" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சவுண்டுதானே அவரை இங்கே கொண்டுவந்திருக்கிறது! கேட்கும் திறனை வரைந்து காட்டும் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம், அதாவது அந்தச் சுருதி அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதிக இரைச்சலால் கெட்ட காதுகளில் நாங்கள் முதலில் தேடுவதே அந்தப் பள்ளத்தைத்தான்.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். முதல் பாகம் எனக்கு மிகவும் பிடித்த படம். அதில் ஒரு சண்டை முடிந்ததும் கொஞ்ச நேரம் நாயகன் மூச்சு வாங்குவது மட்டும்தான் கேட்கும். அடுத்த வெடி தூக்கிவாரிப்போட்டதற்கு அந்த அமைதிதான் காரணம். இரண்டாம் பாகத்தில் வெடி, பின்னணி இசை, அலறல், மறுபடி வெடி. காதுக்கு ஓய்வே இல்லை. திரையரங்கில் ஒவ்வொரு திரை ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போக இடம் வைத்துத்தான் அளவை அமைக்கிறார்கள். எப்போதாவது வரும் ஒரு நொடி வெடிக்காக விட்ட இடம் அது. படம் முழுக்க அங்கேயே குடியிருந்தால் காது என்ன செய்யும்?

85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம்வரை பரவாயில்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-க்குப் போனால் 15 நிமிடம்தான்.

இனி என்னை அதிகம் எரிச்சலூட்டும் வாக்கியம்: "முதல்ல வலிச்சுது, அப்புறம் பழகிடுச்சு." காதுக்குச் சத்தம் பழகாது. சத்தம் குறைந்ததுபோல் தோன்றினால், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த செல்கள் களைத்துப்போய்விட்டன என்று பொருள். வெளியே வந்ததும் நண்பர்கள் பேசுவது பஞ்சு வழியாகக் கேட்பதுபோல் இருக்கிறதே, அதே களைப்புதான். ஒவ்வொரு காதிலும் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் பிறக்கும்போதே இருக்கின்றன. பறவைகளுக்கு அவை அழிந்தால் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. "ரெண்டு நாள்ல சரியாயிடுச்சே" என்று வாதாடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2009-ல் வெளியான எலி ஆய்வில், பலத்த சத்தத்தால் குறைந்த கேட்கும் திறன் பரிசோதனைப்படி முழுதாகத் திரும்பிய பிறகும், உள்காதின் சில பகுதிகளில் மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருந்தன. ஆடியோகிராம் நன்றாக இருந்தும் "கூட்டத்தில் பேச்சு புரியலை" என்று வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எலிகள்தான் ஞாபகம் வருகின்றன.

சரி, படம் பார்க்கவே வேண்டாமா? தாராளமாகப் பாருங்கள். முன்வரிசையையும் பக்கச் சுவர் ஸ்பீக்கர் ஓரத்தையும் விட்டு உட்காருங்கள். நுரை இயர்பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னும் இழுத்து உள்ளே வைத்து, அது விரியும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். வசனம் அப்போதும் கேட்கும். பஞ்சு பேருக்குத்தான், அதை நம்பாதீர்கள். சத்தம் தாங்கவில்லை என்றால் எழுந்துபோய்க் குறைக்கச் சொல்லுங்கள், இதில் கூச்சம் எதற்கு? வீடு திரும்பும் வழியில் இயர்போன் வேண்டாம். கைக்குழந்தையை இந்தப் படங்களுக்குத் தூக்கிப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது அழுவது பசியால் அல்ல.

இரைச்சல் மறுநாளும் நிற்கவில்லையா, காதைக் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விடாதீர்கள். பாதிப்பு செவிப்பறைக்கு உள்ளே இருக்கிறது, மருந்து அங்கே போகாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே வாருங்கள். அதற்கு ஸ்டீராய்டு தருவோம். இரண்டு வாரம் கழித்து வந்தால் அது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

அந்த இளைஞர் கிளம்பும்போது, சனிக்கிழமை நண்பர்களோடு அதே படத்துக்கு இன்னொரு டிக்கெட் இருக்கிறது, போகலாமா என்று கேட்டார். யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். டிக்கெட்டோடு ஒரு ஜோடி இயர்பிளக்கையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன்.