அதிர்வெண்மானி

ஓர் அலைவு ஒரு விநாடியில் எத்தனை முறை நிகழ்கிறது என்பதை அளந்து காட்டும் கருவி அதிர்வெண்மானி. மோட்டார் பட்டறைகளில் இதை ப்ரீக்வென்சி மீட்டர் என்பார்கள்.

அதிர்வு, எண், மானி என்று மூன்று உறுப்புகள். முதல் உறுப்பு மிகப் பழையது. 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்' என்று தொல்காப்பிய உரியியல் அதற்குப் பொருள் சொல்கிறது. திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடை விழாவுக்குப் போடும் அதிர்வேட்டில் அந்தச் சொல் இன்றும் முழங்குகிறது. வில்லுப்பாட்டில் வீசுகோல் பட்டதும் நாண் நடுங்குவதும் அதிர்வே. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள் தட்டும்போது வெவ்வேறு சுரம் தருவதற்கு, ஒவ்வொன்றும் அதிரும் எண்ணிக்கை வேறாக இருப்பதே காரணம்.

ப்ரீக்வென்சி லத்தீனிலிருந்து வந்தது. நெருக்கம், கூட்டம் என்பது அதன் மூலப்பொருள். இலங்கைத் தமிழர் மீடிறன் என்கிறார்கள். மீள், திறன் இரண்டும் புணர்ந்த அழகான சொல் அது. நம் பாடநூல்களிலும் அது இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை. மின்சாரத்துக்கு அலைவெண் என்று எழுதுவோரும் உண்டு. புள்ளியியலில் வரும் ப்ரீக்வென்சிக்கு மட்டும் நிகழ்வெண் என்பதே பொருந்தும். அங்கே அதிர்வதற்கு ஒன்றும் இல்லை.

மானி, அளவு என்று பொருள்படும் மானம் என்ற வடசொல்லின் வழி வந்தது. வெப்பமானி, அழுத்தமானி என்று நிலைத்துவிட்டதால் அதை மாற்றத் தேவையில்லை.

இந்த 'மானி' முழுமையாகப் பொருந்துவது முள் மீட்டர் வைத்த எளிய கருவிக்குத்தான். அதைச் செய்ய, நேரத்தைக் கணிக்கும் 555 டைமர் ஐசி என்ற மின்னணுச் சிப் இரண்டு போதும். 1971இல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்த இந்தச் சிப் இன்றும் மிக மலிவு. முதல் ஐசியின் 2, 6ஆம் கால்களை இணைத்து, உள்ளே வரும் வளைந்த அலையைச் சதுர அலையாக்குகிறோம். அதன் ஒவ்வொரு இறக்கமும் ஒரு சிறு கண்டன்சர் (மின்தேக்கி) வழியாக இரண்டாவது ஐசியைத் தூண்டும். அது ஒவ்வொரு தூண்டலுக்கும் ஒரே அகலமுள்ள துடிப்பை வெளிவிடும். அந்த அகலம் 1.1 × அதனுடன் இணைத்த மின்தடை × மின்தேக்கம். 47 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் ஏறத்தாழ 5.2 மில்லி விநாடி.

துடிப்பின் அகலமும் உயரமும் மாறாதவை என்பதால், துடிப்புகள் இரட்டித்தால் சராசரி மின்னழுத்தமும் இரட்டிக்கும். 100 மைக்ரோஆம்பியர் மீட்டரின் முள் அந்தச் சராசரியைக் காட்டும். முழு அளவு 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 அலைவு) என்று பிரீசெட்டை, அதாவது திருகி மாற்றும் சிறு மின்தடையை, திருப்பி வைத்துவிட்டால், 50 ஹெர்ட்ஸில் முள் நடுவே நிற்கும். உயரம் மாறாதிருக்க, மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் 7805 ரெகுலேட்டர் கட்டாயம். மெயின் லைனை நேரே கொடுத்துவிடக் கூடாது. சிறு டிரான்ஸ்பார்மரில் இறக்கித்தான் கொடுக்க வேண்டும். அதிர்வெண் மிகக் குறைந்தால் முள்ளே நடுங்கும். மீட்டருக்குக் குறுக்கே ஒரு பெரிய கண்டன்சர் போட்டால் அடங்கும்.

இலக்கக் (டிஜிட்டல்) கருவியின் வேலை வேறு. அது ஒரு விநாடி வாசலைத் திறந்துவைத்து, உள்ளே வரும் அலைகளை எண்ணும். ஆகவே அதற்கு அதிர்வெண் எண்ணி என்ற பெயரே சரி. வேலை வேறாக இருக்கும்போது இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது மாணவர்களைக் குழப்புகிறது.

கொடை நாளில் மைக் செட்டுக்கும் சீரியல் விளக்குகளுக்கும் ஓடும் டீசல் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். நான்கு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ். பாரம் ஏறி வேகம் தளர்ந்தால் எண்ணும் கருவி 50, 48, 49 என்று தாவும். முள்ளோ எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு விரைவாகச் சாய்கிறது என்று ஒரு பார்வையில் தெரிவித்துவிடும். அந்த வேலைக்கு நான் முள் கருவியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அளவின் அலகு முன்பு விநாடிக்கு இத்தனை சைக்கிள் (சுழற்சி) என்பது. பழைய மோட்டார்களின் பெயர்த்தகட்டில் அப்படியே பொறித்திருக்கும். ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் பெயரை 1960இல் உலக எடை, அளவை மாநாடு ஏற்றது. ஆள்பெயர் என்பதால் ஹெர்ட்ஸை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. முள் கருவி போன்றவற்றைக் குறிக்கும் அனலாக் என்பதற்குப் பாடநூல்கள் ஒப்புமை என்கின்றன. பட்டறையில் வழங்கும் 'முள்' அதைவிடத் தெளிவு. முள் அதிர்வெண்மானி என்றே எழுதலாம்.