சலைன் பாட்டிலில் இருக்கும் அந்த 154

யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வீட்டுக்கு வரும் முதல் தகவல், "குளுக்கோஸ் ஏத்திக்கிட்டிருக்காங்க" என்பதுதான். பல நேரம் ஏறுவது குளுக்கோஸே கிடையாது. தொங்குகிற பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: சோடியம் குளோரைடு, 0.9 சதவீதம். அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. டாக்டர்களுக்கு அது 'என்எஸ்', நார்மல் சலைன். அந்த 'நார்மல்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாம்பர்கர் என்ற டச்சு விஞ்ஞானி, இரத்தச் சிவப்பணுக்களைப் பல அடர்த்தியுள்ள உப்புநீரில் போட்டுப் பார்த்தார். நீர்த்த கரைசலில் அணுக்கள் உடைந்தன. ஏறக்குறைய 0.9 சதவீதம்தான் இரத்தத்துக்கு ஈடான அடர்த்தி என்று கணக்கிட்டார். அது சரிதான். ஆனால் பொருந்தியது அடர்த்தி மட்டுமே. உள்ளே இருக்கும் சரக்கு பொருந்தவில்லை.

அந்த 9 கிராம் உப்பு கரைந்தால் லிட்டருக்கு 154 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு) சோடியம், 154 மில்லிமோல் குளோரைடு. நம் இரத்தத்தில் சோடியம் சுமார் 140, குளோரைடு சுமார் 100. சோடியம் கொஞ்சம்தான் கூடுதல். குளோரைடோ ஒன்றரை மடங்கு.

கூடினால் என்ன? இரத்தத்தில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் எப்போதும் நேராகிவிட வேண்டும். சோடியம் 140க்கு எதிரே குளோரைடு 100 நிற்கிறது. மிச்சமிருக்கும் 40 அளவு இடத்தில் முக்கியமாக உட்கார்ந்திருப்பது பைகார்பனேட்டும் அல்புமின் புரதமும். அமிலத்தை வாங்கிச் சமாளிக்கும் ஆள் பைகார்பனேட்தான். குளோரைடு வந்து நெருக்கினால் அதற்கு இடம் போய்விடும். அமில-காரக் கணக்கை இந்த இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும் என்று 1980களின் தொடக்கத்தில் வாதிட்டவர் பீட்டர் ஸ்டூவர்ட் என்ற கனடிய உடலியலாளர்.

ஒரு கணக்குப் போடுவோம். எழுபது கிலோ ஆளின் உடலில் செல்களுக்கு வெளியே சுமார் 15 லிட்டர் திரவம். இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) வந்தவருக்கு 5 லிட்டர் சலைன் ஏற்றியாயிற்று. சிறுநீர் பிரியவில்லை என்று வைத்துக்கொண்டால், கலந்தபின் சோடியம் 143.5. குளோரைடு 113.5. நாற்பதாக இருந்த இடைவெளி முப்பதாகிவிட்டது. ஒரு சொட்டு அமிலமும் ஊற்றவில்லை; இரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்துவிட்டது.

சலைனின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 5.5 அளவில் இருப்பதால்தான் இப்படி என்று சிலர் நினைப்பதுண்டு. இல்லை. அந்த பிஎச்சில் ஒரு லிட்டரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனி சுமார் 3 மைக்ரோமோல்தான். இரத்தத்துக்கு அது கொசுக்கடி.

இது டாக்டரைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, கீட்டோன் அமிலம் சேர்ந்து ஐசியுவுக்கு வருகிறார் ஒருவர். இன்சுலினும் லிட்டர் லிட்டராகச் சலைனும் போகின்றன. மறுநாள் ஏபிஜி (தமனி இரத்தத்தின் அமில-கார நிலையைப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் பைகார்பனேட் இன்னும் குறைவாகவே, 16. 'நோய் அடங்கவில்லை' என்று அவசரப்படத் தோன்றும். ஆனால் சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வரும் மீதி இயல்புக்குத் திரும்பியிருந்தால், கீட்டோன் போய்விட்டது என்று பொருள். மிச்சமிருக்கும் அமிலத்தன்மை நாம் ஏற்றிய சலைன் கொடுத்தது. இதைக் கவனிக்காமல் மேலும் ஒரு லிட்டர் சலைன் எழுதுவது வேடிக்கையான வைத்தியம்.

சிறுநீரகமும் குளோரைடைக் கண்காணிக்கிறது. அதன் நுண்குழாயில் ஒரு சிறு செல்கூட்டம், கடந்துபோகும் குளோரைடை அளக்கிறது. அளவு மிஞ்சினால் உள்ளே வரும் இரத்தக்குழாயை இறுக்கச் சொல்லும்; வடிகட்டல் குறையும்.

இதற்கு மாற்றுதான் ரிங்கர் லாக்டேட், அதாவது ஆர்எல். லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தைத் துடிக்க வைக்கத் தேடிய கரைசலில், 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் லாக்டேட்டைச் சேர்த்தார். சோடியம் 130, குளோரைடு 109, லாக்டேட் 28. லாக்டேட் என்றதும் லாக்டிக் அமிலம் என்று பயப்பட வேண்டாம். இது சோடியத்தோடு வரும் உப்பு. கல்லீரல் அதை எரித்து முடிக்கும்போது கைக்கு மிஞ்சுவது பைகார்பனேட். மேலே சொன்ன அதே ஆளுக்கு 5 லிட்டர் ஆர்எல் என்றால், லாக்டேட் எரிந்தபின் இடைவெளி 35க்குக் கீழே போகாது.

அப்படியானால் சலைன் விஷமா? அமெரிக்காவில் 15,802 ஐசியு நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில் மரணம், டயாலிசிஸ், நீடித்த சிறுநீரகப் பாதிப்பு ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது சலைன் பக்கம் 15.4 சதவீதம், ஆர்எல் போன்ற சமநிலைக் கரைசல்கள் பக்கம் 14.3. ஆனால் 2022இல் வந்த ஆஸ்திரேலிய-நியூசிலாந்து சோதனையில் 90 நாள் மரணம் சலைன் பக்கம் 22.0 சதவீதம், சமநிலைக் கரைசல் பக்கம் 21.8; வித்தியாசமே இல்லை எனலாம். வித்தியாசம் இருந்தாலும் சிறியதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் சலைன் ஏறும் கைகள் கோடிக்கணக்கில்.

சிறுநீரகம் கெட்டவருக்கு ஆர்எல் கூடாது, அதில் பொட்டாசியம் இருக்கிறதே என்று ஒரு பழைய பயம் உண்டு. இருப்பது 4 மில்லிமோல். இரத்தத்தில் 6 இருக்கும்போது 4 உள்ள திரவம் அதைக் கீழேதான் இழுக்கும். பொட்டாசியமே இல்லாத சலைன்தான் அமிலத்தன்மையை உண்டாக்கி, செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. சிறுநீரக மாற்று அறுவையின்போது ஒப்பிட்டு 2005இல் வந்த ஆய்வில் 6ஐத் தாண்டியவர்கள் சலைன் பக்கம் மட்டுமே இருந்தார்கள்.

சலைனுக்கென்றே ஆன நோயாளிகளும் உண்டு. தலையில் பலத்த அடிபட்டவருக்கு, இரத்தத்தைவிட நீர்த்த ஆர்எல் மூளை வீக்கத்தைக் கூட்டலாம். இன்னொருவர், நாள்கணக்கில் வாந்தி எடுத்து வருபவர். இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுக்க வெளியேறி, குளோரைடு சரிந்து, இரத்தம் காரமாகியிருக்கும். இவருக்கு மருந்தே அந்த 154தான்.