உடல் குறைபாடு உள்ள துணைக்கு இருசக்கர வாகனம்: நிறுத்திப் பார்த்து வாங்குங்கள்

கடலூரில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம், மூட்டுத் தேய்மானத்துக்கோ முடக்குவாதத்துக்கோ (மூட்டுகள் வீங்கி விறைக்கும் நோய்) சிகிச்சைக்கு வரும் தம்பதியர் பயிற்சி முடிந்து கிளம்பும் நேரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மேடம், இவங்களுக்கு வெயிட் இல்லாத வண்டியா ஒண்ணு சொல்லுங்களேன்." பெரும்பாலும் கேட்பவர் கணவர், ஓட்டப்போகும் மனைவி பக்கத்தில் பேசாமல் நிற்பார். சில குடும்பங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பக்கவாதத்திலிருந்து தேறிவரும் கணவர் தம் பழைய புல்லட்டை விட மறுக்கிறார், அதற்குப் பதிலாக எதை வாங்கிக் கொடுத்தால் மனம் ஒப்புவார் என்று மனைவி கேட்கிறார். இரு தரப்பாருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வண்டியை ஓட்டிப் பார்ப்பதைவிட நிறுத்திப் பார்ப்பதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஓரளவு வேகம் எடுத்துவிட்ட இருசக்கர வாகனம் தன் சமநிலையைப் பெருமளவு தானே காத்துக்கொள்கிறது. ஓட்டுபவரின் முழங்காலும் இடுப்பும் மணிக்கட்டும் உண்மையாகச் சோதிக்கப்படுவது, சிக்னலில் காலை ஊன்றும்போதும், திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்னுக்கு இழுத்து வெளியே எடுக்கும்போதும், வீட்டு வாசலின் சாய்தளத்தில் ஏற்றும்போதும், சென்டர் ஸ்டாண்டு போடும்போதும்தான். ஷோரூமில் தரும் டெஸ்ட் ரைடில் இவற்றில் ஒன்றுகூட இடம்பெறுவதில்லை. நேரான சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி முன்பணம் கட்டிவிடுகிறோம். ஆகவே எஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டப்போகிறவர் தாமே, பிறர் கைகொடுக்காமல், பத்தடி பின்னுக்குத் தள்ளி, வளைத்துத் திருப்பி, ஸ்டாண்டு போட்டு எடுக்கட்டும். அதைச் செய்து முடித்த பிறகு வலி எங்கே வருகிறது என்று கேளுங்கள்.

சீட்டின் உயரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹோண்டா ஆக்டிவா 6ஜி-யின் சீட் உயரம் 765 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 106 கிலோ. ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மில்லிமீட்டர், 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மாடல் 805 மில்லிமீட்டர், 195 கிலோ. பஜாஜ் அவெஞ்சர் 737 மில்லிமீட்டர்தான், ஆனால் 150 கிலோவைத் தாண்டிய கனம். இந்த எண்களை, வாங்கப்போகும் வண்டியின் விவரக் காகிதத்தில் படிப்பது எளிது. ஆனால் சீட் அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, அதே உயரத்திலும் கால் எட்டாமல் போகும் என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. சராசரி உயரமுள்ள நம் ஊர்ப் பெண்களுக்கு 765 மில்லிமீட்டர் சீட்டில் நுனிக்காலே தரையைத் தொடும். மூட்டு ஆரோக்கியமாக இருப்பவர் நுனிக்காலிலும் சமாளித்துவிடுவார். முழங்கால் மூட்டு தேய்ந்தவருக்கோ சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கோ அது போதாது. பாதம் உணர்ச்சியற்றவர், கால் தரையில் முழுதாகப் படிந்துவிட்டதா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் அறிகிறார் என்பதைக் குடும்பத்தினர் பலர் கவனித்ததே இல்லை.

இதோடு நம் சாலையின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். இடப்பக்கமாகச் செல்லும் நாம் நிற்கும்போது பெரும்பாலும் இடது காலையே ஊன்றுகிறோம். தரை தாழ்ந்திருப்பதும் அந்தப் பக்கமே. இளம்பிள்ளைவாதத்தால் இடது கால் குட்டையாகவோ பலவீனமாகவோ உள்ளவர் ஷோரூமின் சமதளத்தில் தடுமாறாமல் நின்றுவிட்டு, நெல்லிக்குப்பம் சாலையின் ஓரத்தில் தடுமாறுவதற்கு இதுவே காரணம். டெஸ்ட் ரைடில் ஒருமுறையாவது சாலையோரச் சரிவில் நிறுத்திப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சீட் கவர் கடையில் ஃபோமைச் செதுக்கி ஓரங்குலம், ஒன்றரை அங்குலம் தாழ்த்தித் தருவார்கள். பலருக்கு அது போதுமான தீர்வாக அமைகிறது, முதுகுவலி உள்ளவரைத் தவிர. ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம், ஸ்ப்ளெண்டருக்கு இரண்டு சக்கரமும் 18 அங்குலம். சிறிய சக்கரம் பள்ளத்தில் முழுதாக இறங்கி அதன் அதிர்ச்சியை நேராக இடுப்புக்கு அனுப்புகிறது, மெல்லிய சீட் அதைத் தடுப்பதில்லை. முழங்காலுக்கு ஸ்கூட்டர் நல்லது, முதுகுக்குப் பெரிய சக்கரம் நல்லது என்ற இந்த இழுபறியில், நான் பெரும்பாலும் முழங்காலின் பக்கமே நிற்பேன். முதுகுக்குக் குறைந்த வேகமும் வேறு வழித்தடமும் உதவும். கால் எட்டாத வண்டிக்கு அப்படி உதவ எதுவும் இல்லை.

கைகளைப் பொறுத்தவரை, கியர் வண்டியில் இடது கை கிளட்சைப் பிடிக்கும், இடது கால் கியர் மாற்றும், வலது கால் பின் பிரேக்கை மிதிக்கும். நான்கு கை கால்களில் ஒன்று சரியில்லாவிட்டாலும் ஒரு வேலை தடைபடும். ஸ்கூட்டரில் கால்களுக்கு ஊன்றும் வேலை மட்டுமே. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளுக்குக் குறைந்தபட்சம் சிபிஎஸ் எனப்படும் இணைந்த பிரேக் அமைப்பு கட்டாயம் என்பதால், ஸ்கூட்டரின் இடது லீவரை அழுத்தினால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். வலது கைப்பிடி தளர்ந்தவருக்கு இது பெரிய உதவி. இடது கை தளர்ந்தவருக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. ஆக்ஸிலரேட்டரோ எந்த வண்டியிலும் வலது கையில்தான் இருக்கிறது. முடக்குவாதத்தில் விரல்கள் காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் விறைத்திருக்கும். அந்த நேரத்தில் பிள்ளையைப் பள்ளியில் விடும் வேலையை அவர் தலையில் வைக்கக் கூடாது. வண்டியைத் தேர்வதோடு, வண்டி எடுக்கும் நேரத்தையும் தேர்வது தம்பதியரின் பொறுப்பு. மின்சார ஸ்கூட்டரில் அதிர்வு குறைவு, சிலவற்றில் ரிவர்ஸ் வசதியும் உண்டு. பின்னுக்குத் தள்ளத் தெம்பில்லாதவருக்கு அந்த ஒன்றுக்காகவே அதைப் பரிந்துரைத்திருக்கிறேன்.

பக்கவாதத்திலிருந்து தேறியவர்களின் வீட்டில் கை, கால் வலிமையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஒரு பக்கத்துப் பார்வைப் புலம் இழந்தவருக்கு அது இழந்ததே தெரியாமல் இருக்கலாம். அந்தப் பக்கம் தெரியாமல் தட்டில் ஒரு பாதிச் சோற்றை விட்டுவிட்டு எழுந்திருப்பவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். மருத்துவர் பார்வையைச் சோதித்து ஒப்புதல் தரும்வரை எந்த வண்டியும் பொருத்தமான வண்டி ஆகாது. வலிப்பு நோய் சட்டப்படியே உரிமம் பெறத் தடையாக உள்ளது. நரம்புவலிக்குத் தரும் பிரகாபலின் போன்ற மாத்திரைகள் தலைசுற்றலும் தூக்கமும் தரும் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

இரு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரே வழி. தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தகுதியுள்ளவர்களுக்கு இதை விலையில்லாமல் வழங்குகிறது. விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்கலாம். ஆனால் இந்த வண்டி சாயாது. சாய்ந்து திரும்பிப் பழகியவர் வேகமாக வளைத்தால், உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். வெளிச்சக்கரம் சாலையோரத்து மண்ணில் இறங்கினால் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும். காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) அணிந்தவருக்கு முழங்கால் மடங்காது என்பதால், நீட்டிய காலை வைக்க ஃபுட்போர்டில் இடம் இருக்கிறதா என்பதைக் காலிப்பர் அணிந்தபடியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊன்றுகோலை மாட்டும் இடத்தையும் அப்போதே முடிவு செய்யலாம். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸின் கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. ஆகவே இன்று வரும் போலியோ பயனாளிகளில் பெரும்பாலோர் நடுவயதைத் தொட்டவர்கள். பல ஆண்டுகள் கழித்துத் தசைகள் மீண்டும் தளர்வது இவர்களில் சிலருக்கு நேர்கிறது. இருபது வயதில் பொருந்திய வண்டியையே மறுபடி வாங்கித் தருவதற்கு முன், தோளின் வலிமையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்லி இரண்டு சக்கரம் மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி மாற்றத்துக்கு ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஓட்டுநர் உரிமத்திலும் தகவமைக்கப்பட்ட வாகனம் என்ற வகை தனியாக உண்டு. பதியாத மாற்றம் விபத்துக் காலத்தில் இன்சூரன்ஸ் தொகைக்குச் சிக்கல் தரும். எங்கள் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு: கடலூரில் குடியிருப்பவர்கள் புதுச்சேரியில் வண்டி எடுத்து PY பதிவிலேயே வைத்திருப்பார்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு மறுபதிவு தேவை. மாற்றம் செய்யப்போகும் வண்டியையாவது குடியிருக்கும் முகவரியிலேயே பதிந்துகொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

துணை ஓட்டப்போவதில்லை, பின்னால் உட்காரப்போகிறார் என்றால் கணக்கு மாறுகிறது. இடுப்பு மாற்று அறுவை செய்தவர் உயரமான சீட்டின் மேல் காலைத் தூக்கிப் போடுவதைத் தொடக்க மாதங்களில் அறுவை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. சேலையில் ஒருபக்கமாக உட்காரும்போது முதுகெலும்பு திருகிய நிலையிலேயே வழி முழுவதும் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் அப்படிப் போய் இறங்கியவருக்கு அன்று மாலை வரும் இடுப்புவலிக்கு வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. சுடிதாரில் இருபுறமும் கால் போட்டு உட்கார ஒப்புபவருக்கு அகலமான, தட்டையான பின்சீட்டும், கைக்கு எட்டும் பிடியும், முழங்காலை அதிகம் மடக்காத ஃபுட்ரெஸ்டும் உள்ள வண்டியைப் பாருங்கள். விரல் வீங்கியவருக்கு ஹெல்மெட்டின் வார் கழற்றுவதே பெரும்பாடு. ஒரே அழுத்தத்தில் திறக்கும் கொக்கியுள்ள ஹெல்மெட்டை அவரே கழற்றி மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர், கடையில் இருக்கும் ஹெல்மெட்டுகளைக் கையில் எடுத்து எடையை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.