ரேலிக்கு முன்னால் பல்லைப் பிடுங்காதீர்கள்

வேலூர்ப் பக்கம் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் சுற்றிலும் நிறைய. ஒரு வருடமாக விடியற்காலையில் எழுந்து 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகிய பையன்கள், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் ரேலிக்குப் பத்து நாள் இருக்கும்போது பல்லைக் காட்ட வருவார்கள்.

அப்படித்தான் 19 வயதுப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்தான். இடது பக்கம் கீழே, கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. "பிடுங்கிடுங்க டாக்டர், சொத்தையைப் பார்த்தா தள்ளிடுவாங்களாம்" என்றார் அம்மா.

"இருங்கம்மா, முதல்ல எண்ணிப் பார்ப்போம்" என்றேன்.

நம் ராணுவத்தில் பல்லுக்கு மதிப்பெண் உண்டு. குறைந்தது 14 வேண்டும். மேல்பல்லும் அதற்கு நேர் எதிரே உள்ள கீழ்ப்பல்லும் ஒழுங்காகச் சேர்ந்து கடித்தால்தான் கணக்கு. முன்பல், கோரைப்பல், சிறு கடைவாய்ப் பல் ஜோடிக்கு 1. பெரிய கடைவாய்ப் பல் ஜோடிக்கு 2. ஞானப்பல் நன்றாக வளர்ந்திருந்தால் 2, அரைகுறையாக இருந்தால் 1. எல்லாம் சேர்ந்து 22. மேல்தாடையில், கோரைப்பல்லும் சேர்த்து முன்பற்கள் ஆறில் நாலும், பின்பற்கள் பத்தில் ஆறும் கீழ்ப்பல்லோடு சேரும்படி இருந்தாக வேண்டும் என்பது தனி நிபந்தனை. கட்டுப்பல் செட் எண்ணிக்கையில் வராது.

ஜோடிக் கணக்கு என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. கீழே ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால், மேலே நல்ல பல் இருந்தும் அது கடிக்க ஆளில்லாமல் நிற்கும். இரண்டு மதிப்பெண் போச்சு.

அவன் கையில் கண்ணாடியைக் கொடுத்து, சேர்ந்தே எண்ணினோம். ஞானப்பல் நான்கும் முளைக்கவில்லை, ஆக 18. வலது கீழே முதல் கடைவாய்ப் பல் இல்லை, 16. இடது மேலே இரண்டாவது கடைவாய்ப் பல்லில் வேர்த்துண்டுதான் மிச்சம், 14. சொத்தைப் பல்லையும் எடுத்தால் 12. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, பத்து நாளில் செய்ய முடிந்ததைச் செய்தோம். சொத்தைப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து கேப் போட்டேன், வேர்த்துண்டை எடுத்தேன், பல்லிடுக்கில் கெட்டியாகப் படிந்திருந்த காறையைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். ஈறு லேசாக வீங்கியிருந்தால் சரிசெய்துவிடலாம். பல் ஆடும் அளவுக்கு முற்றிய ஈறு நோய் நிராகரிப்பில்தான் முடியும். குட்கா, பான் மசாலா போட்டுக் கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகி, வாய் திறக்காமல் போனவர்களுக்கும் அதே கதிதான். அதைக் கடைசி வாரத்தில் எந்த டாக்டராலும் மாற்ற முடியாது.

இவ்வளவு கறார் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். பனிமலைக் காவல் முகாமில் நள்ளிரவில் பல் வலித்தால் அடுத்த தெருவில் கிளினிக் இருக்காது. நன்றாக மென்று தின்ன முடியாதவனுக்கு உடம்பில் தெம்பும் நிற்காது. ராணுவத்துக்கென்றே தனிப் பல் மருத்துவப் படைப்பிரிவு 1941 முதல் இருக்கிறது என்றாலும், எல்லா முகாமிலும் ஒரு டாக்டரை உட்கார வைக்க முடியாதே.

எனக்கு உண்மையில் மனம் பொறுக்காதது, அந்த வலது பக்கத்துப் பல். எப்போது எடுத்தது என்று கேட்டேன். "பத்து வயசுல. பால் பல்லுதானே, திரும்ப முளைக்கும்னு விட்டுட்டோம்" என்றார் அம்மா. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல், எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வருகிறது. அதனாலேயே அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல், போனால் வராது. உங்கள் வீட்டில் ஆறேழு வயதுக் குழந்தை இருந்தால் இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் அப்போதே அடைத்துவிடலாம்.

அடுத்த வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். கூடவே ஒன்பதாவது படிக்கிற இளைய மகன். அவனுக்கு மூன்று பல்லில் புள்ளி இருந்தது. மூன்றையும் அன்றைக்கே அடைத்து அனுப்பினேன்.