பழைய முகவரியை விடாத பெயர்

மைக்ரோசாஃப்ட்டின் அசூர் கிளவுடில் பழுதான ஒரு விர்ச்சுவல் மெஷினை (மென்பொருளால் உருவாக்கிய கணினியை) அழித்துவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றை எழுப்பினேன். ஐபி முகவரியைக் கொடுத்தால் ரிமோட் டெஸ்க்டாப் உடனே திறந்தது. பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை. புது மெஷின் இருந்தது 10.1.0.9இல், பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் இன்னும் 10.1.0.4 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு காலத்தில் டிஎன்எஸ் பதிவுகளை ஆள் உட்கார்ந்து கையால்தான் எழுதினார்கள். கணினியே தன் பெயரையும் முகவரியையும் பதிந்துகொள்ளும் முறை 1997இல், ஆர்எஃப்சி 2136 என்ற இணையத் தர ஆவணம் வழியாகத் தரப்படுத்தப்பட்டது. விண்டோஸ் மெஷின் முதலில் தன் டொமைனுக்குப் பொறுப்பான சர்வர் எது என்று கேட்கும். பிறகு அதற்கே தன் பதிவை அனுப்பும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விர்ச்சுவல் நெட்வொர்க்கில் டிஎன்எஸ் அமைப்பைத் தொடாமல் விட்டால், மெஷின் கேள்வி கேட்பது 168.63.129.16 என்ற அசூரின் சொந்த முகவரியிடம். நிறுவனத்தின் கணினி, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் உங்கள் ஆக்டிவ் டைரக்டரி டொமைனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அமைப்பை மாற்றினால் மட்டும் போதாது, மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டும்; இதை மறந்துவிட்டு அரைநாள் தேடுவது வாடிக்கை.

என் மெஷினில் அதெல்லாம் சரியாகவே இருந்தது. பதிவை மறுபடி அனுப்பச் சொல்லும் ‘ஐபிகான்ஃபிக் /ரெஜிஸ்டர்டிஎன்எஸ்’ கட்டளை கொடுத்தேன். பதிவு தொடங்கியது, பிழை இருந்தால் 15 நிமிடத்தில் ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில்) தெரியும் என்றது. தொடங்கியது என்றுதான் சொல்கிறதே தவிர, முடிந்தது என்று சொல்வதில்லை. கவனிக்க வேண்டிய சொல் அது. போய்ப் பார்த்தால், அனுமதி மறுப்பு.

டிஎன்எஸ் சர்வரில் அந்தப் பதிவின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தேன். உரிமையாளர் இருக்கவேண்டிய இடத்தில் கணினியின் பெயர் இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட கணக்கு அடையாள எண் மட்டும். பாதுகாப்பான அப்டேட் மட்டும் ஏற்கும் டொமைனில், பதிவை முதலில் எழுதிய கணினிக் கணக்குக்கே அதை மாற்றும் உரிமை. பழைய கணக்கை நான் ஏற்கெனவே நீக்கியிருந்தேன். பெயர் ஒன்றே ஆனாலும், புது மெஷினுக்கு அது அந்நியர் வீட்டுப் பட்டா.

பழம்பதிவுகளைப் பெருக்கித் தள்ளும் ‘ஸ்கேவெஞ்சிங்’ வசதி விண்டோஸ் சர்வரில் உண்டு. ஆனால் நாமாகப் போட்டால்தான் ஓடும். போட்டிருந்தாலும் இயல்பான கணக்கு, பதிவைப் புதுப்பிக்க விடாத 7 நாளும் புதுப்பிக்க விடும் 7 நாளும்; குறைந்தது இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். யார் பொறுப்பது? பதிவைக் கையாலேயே அழித்துவிட்டு, அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன். 10.1.0.9 வந்தது.

பக்கத்து மேசைக்காரர் மட்டும் “எனக்கு இன்னும் வரலையே” என்றார். அவர் லேப்டாப் பழைய பதிலை நினைவில் வைத்திருந்தது. விண்டோஸ் மெஷின் எழுதும் பதிவுக்கு ஆயுள் 1,200 விநாடி. அவர் 20 நிமிடம் காத்திருக்கவில்லை, அந்த நினைவை அழிக்கும் ‘ஃபிளஷ்டிஎன்எஸ்’ கட்டளையை அடித்தார்.